நாத்தனார் கட்டம்

எங்க அண்ணிக்கு ரகசியம் பேச வராது. பேச மாட்டாங்கன்னு இல்ல, ஆசை ஆசையா பேசுவாங்க. ஆனா அவங்க என் காதுல சொல்ற ரகசியம் எனக்கு முன்னாடி மூணாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்துடும். பத்தொன்பது வருஷமா பேருந்து நிலையத்துல மைக்ல அறிவிக்கிறதுதான் அவங்க வேலை. எந்த பஸ் எங்க நிக்குது, எது எப்போ கிளம்புது, எது இன்னைக்கு வரவே வராது, எல்லாம் அவங்க வாயால வந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க. அந்தக் குரலை வேலை முடிஞ்சதும் கழட்டி ஆணியில மாட்டிட்டு வாங்கன்னா முடியுமா?

போதாக்குறைக்கு எதையும் ரெண்டு தடவை சொல்லிப் பழகிட்டாங்க. "பாத்ரூம் காலியா இருக்கு. பாத்ரூம் காலியா இருக்கு." எங்க வீட்டு பாத்ரூம் எப்போ காலியாகுதுன்னு தெருமுனை தையல்காரர் வரைக்கும் தெரியும். ஒரு தடவை, மேல் வீட்டுக்காரர் தலையில இருக்கிறது சொந்த முடி இல்லைன்னு அண்ணன்கிட்ட வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சொன்னாங்க. மறுநாள்லேர்ந்து அந்த மனுஷன் எங்க வீட்டைத் தாண்டும்போது தொப்பி போட்டுக்கிட்டு போறார். அண்ணன் இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டான். அவன் சோபாவுல படுத்துக்கிட்டே குடும்பம் நடத்துறவன்.

நான் அந்த வீட்டு நாத்தனார். வயசு முப்பத்தாறு. சலவைக் கடை கவுண்டர்ல நிக்கிறேன். கறையோட சட்டையைக் கொண்டுவந்து போட்டுட்டு, வாங்கிட்டுப் போகும்போது "குடுக்கிறப்போ இது இல்லையே"ன்னு சாதிக்கிறவங்களோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, எனக்குக் கோபம் மூக்கு மேலயே குடிவந்துடுச்சு. கல்யாணம்னு யாராவது பேச்சை எடுத்தா ஆளை விடுங்கன்னுடுவேன். அது சும்மா. கேக்க வேண்டிய மாதிரி யாரும் கேக்கல, அதுதான் நிஜம்.

இவ்வளவும் நடந்தது அண்ணி போர்வை பின்ன ஆரம்பிச்சதால.

அவங்க உக்கார்ற அறையைப் பத்திச் சொல்லிடறேன். மூணு பக்கம் கண்ணாடி, நாலாவது பக்கம் ஒரு ப்ளைவுட் தடுப்பு. உள்ள ஒரு மேஜை, மைக், சுவிட்ச், நேரம் எழுதின அட்டை, காத்தைத் தவிர மத்த எல்லாத்தையும் குடுக்கிற ஒரு ஃபேன். ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவுல பத்து நிமிஷம் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். அண்ணிக்கு அதைவிட ஒரு தண்டனை கிடையாது. வெளியூர்ல இருக்கிற அவங்க தங்கச்சி இதைப் புரிஞ்சுக்கிட்டு, ஒரு கொக்கி ஊசியும் ஒரு மூட்டை உல்லன் நூலும் அனுப்பி, கையையாவது ஓட்டுன்னு சொல்லிடுச்சு. கூடவே ஏதோ பழைய பத்திரிகைப் பக்கத்தோட ஜெராக்ஸ்.

அந்தப் பக்கத்துல இருந்தது ஒரு போர்வை. அறுபத்து மூணு சதுரக் கட்டம், தனித்தனியா பின்னி அப்புறம் ஒண்ணோட ஒண்ணு சேர்க்கணும். கட்டம் எதுவும் தட்டையா இருக்காது. ஒண்ணு முண்டு முண்டா, ஒண்ணு வரி வரியா, ஒண்ணு கூடை முடைஞ்ச மாதிரி. கண்ணை மூடிக்கிட்டுத் தடவினாலே எது எதுன்னு சொல்லிடலாம். நிறமும் அந்தக் காலத்து நிறம்: கடுகு மஞ்சள், பாசிப் பச்சை, வெளுத்துப்போன ரோஜா. புதுசா பின்னணுமாம், ஆனா அம்பது வருஷப் பழசு மாதிரி தெரியணுமாம். நாங்க சலவைக் கடையில பழசைப் புதுசாக்க உயிரை விட்டுக்கிட்டிருக்கோம், இவங்க புதுசைப் பழசாக்க நூல் வாங்கிக்கிட்டிருக்காங்க.

ஜெராக்ஸ் எடுத்த புண்ணியவான் இடது ஓரத்தைக் கோட்டை விட்டுட்டான். படமும் கணக்கும் இருக்கு, கட்டங்களோட பேரு மட்டும் வெட்டுப்பட்டுப் போச்சு. அக்காவும் தங்கச்சியும் ஆளுக்குப் பாதி பின்னுறதா ஏற்பாடு, பேரு இல்லாம போன்ல எப்படிப் பேசிக்கிறது? "அந்த மூணாவது படம், இல்ல இல்ல, அதுக்குக் கீழ"ன்னு ரெண்டு நாள் திண்டாடிட்டு, தாங்களே பேரு வச்சுக்கிட்டாங்க. கூடை மாதிரி ஓட்டை ஒடைசல் இல்லாம இருக்கிறது மாமனார். படுக்கை வாட்டத்துல வரி வரியா கிடக்கிறது வீட்டுக்காரர், அதாவது எங்க அண்ணன். விசிறி விசிறியா விரிஞ்சிருக்கிறது தங்கச்சி. நல்லா நெகிழ்வா, காத்தோட்டமா, தொட்டா வளையறது மாப்பிள்ளை. முண்டு முண்டா, கெட்டியா, விறைச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு என்ன பேருன்னு நான் சொல்லணுமா? நாத்தனார்.

இது எனக்கு அப்போ தெரியாது. போர்வை தங்கச்சிக்குன்னு சொல்லி வச்சிருந்தாங்க, நானும் நம்பிட்டேன்.

அந்த மாப்பிள்ளை யாருன்னு கேப்பீங்க. ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரருக்கு நாப்பத்தொண்ணு வயசு, கூட அக்கா மட்டும். ஏழு வருஷமா அண்ணியோட குரலுக்குப் பக்கத்துல உக்காந்து காது கெடாம இருக்கிறவர். அண்ணன் கண்ணாடி மேலேயே படுத்துத் தூங்கி அதை ஒடச்சப்போ, சரி பண்ண நான் கொண்டு போனேன். மாட்டின திருகாணி சின்னதுன்னு நான் சண்டைக்கு நின்னேன். அவர் முழுசா கேட்டுட்டு, "நீங்க சொல்றது சரிதாங்க"ன்னார். முப்பத்தாறு வருஷத்துல என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல.

அப்புறம் அந்தக் கண்ணாடியில வாரம் ஒரு திருகாணி லூசாச்சு. எப்படி லூசாச்சுன்னெல்லாம் துருவாதீங்க. வாராவாரம் நான் போனேன், வாராவாரம் அவர் ஒரு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டார். ரெண்டு மாசம் இந்தக் கூத்தைத் தடுப்பு வழியா கேட்டுக்கிட்டிருந்த அண்ணி, ஒரு நாள் நேரா அவர்கிட்டயே போய், "அண்ணா, எங்க வீட்டுக்கு ஒரு தடவை வாங்க"ன்னு கூப்பிட்டுட்டாங்க. வந்தார். ரெண்டு தடவை வந்தார். எல்லாருக்கும் பிடிச்சுது. அடுத்த வியாழக்கிழமை அக்காவோட வந்து தேதி குறிக்கிறதா பேச்சு.

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, செவ்வாய்க்கிழமை மதியம், அண்ணி அறிவிப்பு மேஜையில ரெண்டு கட்டத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்திருக்காங்க. ரெண்டுக்கும் ஒரே கணக்கு, ஒரே நூல், ஒரே ஊசி. ஆனா முண்டு வச்சுப் பின்னினது உள்ள இழுத்துக்கிட்டு ரெண்டு விரற்கடை குட்டையா நிக்குது. நெகிழ்வா பின்னினது பரப்பிக்கிட்டு கிடக்கு. எப்படிச் சேர்த்தாலும் சுருக்கம் விழும். வழக்கம்போல தங்கச்சிக்குப் போன் போட்டாங்க. அவங்க நினைப்புல, ரகசியக் குரல்ல பேசினாங்க.

"நாத்தனாரும் மாப்பிள்ளையும் ஒத்தே வரல. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டேன். நாத்தனார் இறுகிப் போய் விறைச்சுக்கிட்டு நிக்குது. மாப்பிள்ளை தொளதொளன்னு இழுத்த இழுப்புக்கு வருது. இன்னும் சேர்க்கல இல்ல, இப்பவே பிரிச்சிடறதுதான் நல்லது. சேர்த்துட்டா அப்புறம் காலம் பூரா உறுத்தும்."

சொல்லிட்டு, பழக்க தோஷத்துல, முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொன்னாங்க.

மைக் போட்டிருந்துச்சுன்னு பின்னாடி பல பேரு அடிச்சுச் சொன்னாங்க. இல்ல. நிலைய அதிகாரியே வந்து சுவிட்சைப் பார்த்தார், ஆஃப்லதான் இருந்துச்சு. அது வெறும் தொண்டை.

வியாழக்கிழமை வந்துச்சு. நான் கடையிலேர்ந்து சீக்கிரமே வந்து, மூணு புடவை மாத்தி, கடைசியில முதல்ல கட்டினதையே கட்டிக்கிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அண்ணன்கூட எழுந்து உக்காந்திருந்தான், பார்த்துக்கோங்க. ஆறு ஆச்சு, ஏழு ஆச்சு. ஏழரைக்கு அவரோட அக்கா போன் பண்ணி, கொஞ்ச நாள் போகட்டும்னு தம்பி சொல்றான், தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொல்லி வச்சுட்டாங்க. "போனா போறாரு"ன்னேன். பேப்பரை மடிச்சு வச்சேன். பாத்ரூம்ல போய் குழாயை முழுசா திறந்து விட்டுட்டு அழுதேன். எனக்கு அந்த மனுஷன் வேணும்னு அந்தக் குழாய்ச் சத்தத்துக்கு நடுவுலதான் எனக்கே சரியா தெரிஞ்சுது.

அண்ணிக்கு ஒண்ணும் புரியல. மறுநாள் காலையில தடுப்பைத் தட்டி, ஏங்கண்ணா இப்படின்னு கேட்டிருக்காங்க. அவர், "நீங்க யோசிச்சுத்தான் சொல்லியிருப்பீங்கம்மா. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டு லென்ஸைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார். நான் என்னத்தைச் சொன்னேன்னு அண்ணி மண்டையைப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்க, பஸ் வர்ற போற நேரத்தைக் குறிக்கிற டைம்கீப்பர் உள்ள வந்து, "என்னக்கா, அந்தச் சம்பந்தம் முறிஞ்சு போச்சாமே, நீங்க செவ்வாய்க்கிழமையே சொன்னீங்க"ன்னு துக்கம் விசாரிச்சிருக்கார். அப்போதான் அண்ணிக்கு உறைச்சிருக்கு. அன்னைக்கு மதியம் ரெண்டு பஸ்ஸை இடம் மாத்தி அறிவிச்சதுல, ஜனங்க பையோட இங்கேயும் அங்கேயும் ஓடியிருக்காங்க.

சாயந்தரம் வந்ததும் என்னைச் சமையலறைக்கு இழுத்துட்டுப் போய், கதவைச் சாத்தி, மிக்ஸியில எதையும் போடாமலே அதை ஓட விட்டுட்டு, விஷயத்தைச் சொன்னாங்க. மிக்ஸி எல்லாம் அவங்களுக்கு ஒரு பொருட்டா? எதிர் ஜன்னல்ல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்த அம்மா கையை நிறுத்திட்டு நின்னாங்க. போர்வை தங்கச்சிக்கு இல்ல, எனக்கும் அவருக்கும் கல்யாணத்துக்குக் குடுக்கவாம். செவ்வாய்க்கிழமை பேசினது எங்களைப் பத்தி இல்ல, கட்டங்களைப் பத்தியாம். அந்தக் கட்டத்துக்கு ஒரு பேரு வச்சிருந்தாங்களாம். என்ன பேருங்கிறது மட்டும் ரொம்ப நேரம் வாயிலேர்ந்து வரல. வந்தப்போ ரெண்டு தடவை வந்துச்சு.

எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. எட்டு வகைக் கட்டம் இருக்கு, அழகா விசிறி இருக்கு, பூ இருக்கு, அதெல்லாம் தங்கச்சிக்கும் மாப்பிள்ளையோட அக்காவுக்கும், முண்டு முண்டா முரட்டுக் கட்டம் எனக்கான்னு கத்தினேன். அண்ணி கையைப் பிசைஞ்சுக்கிட்டு, அதுதான் கனம் ஜாஸ்தி, அதுதான் குளிரை உள்ள விடாது, அதைப் பின்னத்தான் நூலும் நேரமும் அதிகம்னு ஏதேதோ சொன்னாங்க. ஐஸ் வைக்காதீங்கன்னேன். அப்படியே வெளிய வந்து, அண்ணன்கிட்ட அந்தக் கட்டத்தைத் தூக்கிப் போட்டு, இது யாரு மாதிரி இருக்கு சொல்லுன்னேன். அவன் படுத்தபடியே அதை வயித்து மேல வச்சுத் தடவிப் பார்த்துட்டு, "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு, உன்னை"ன்னான்.

அதுதாங்க எனக்கு வலிச்சது. அண்ணி பேரு வச்சதுகூட இல்ல. பஸ் ஸ்டாண்ட்ல அத்தனை பேரு கேட்டிருக்காங்க. டைம்கீப்பர் கேட்டார், டீக்கடைக்காரர் கேட்டார், மூட்டை தூக்குறவங்க கேட்டாங்க. இறுகிப் போன நாத்தனார், விறைச்சுக்கிட்டு நிக்கிற நாத்தனார்னதும், ஒருத்தருக்காவது 'அப்படியெல்லாம் இருக்காதே'ன்னு ஒரு சந்தேகம் வந்துச்சா? வரல. அவருக்கும் வரல. எல்லாருக்கும் அது நான்தான்னு பட்டுன்னு புரிஞ்சிருக்கு. அன்னைக்கு அண்ணி போட்ட சாப்பாட்டை நான் தொடல. அவங்களும் தொடல.

சனிக்கிழமை எனக்குக் கடையில பாதி நாள். அண்ணி பையிலேர்ந்து அந்த ரெண்டு கட்டத்தையும் எடுத்துக்கிட்டு, நேரா பேருந்து நிலையத்துக்குப் போனேன். நாலு மணி தாண்டியிருக்கும். கண்ணாடி அறைக்குள்ள அண்ணி என்னைப் பார்த்துட்டாங்க. நான் திரும்பிக்கூடப் பார்க்காம மூக்குக்கண்ணாடிக் கடைக்குள்ள ஏறினேன். அவர் எழுந்து ஸ்டூலைத் துடைச்சார். நான் உக்காரல. ஷோகேஸ் மேல ரெண்டு கட்டத்தையும் வச்சேன்.

"இது நான், இது நீங்க. அண்ணி செவ்வாய்க்கிழமை பேசினது இதுங்களைப் பத்தி"ன்னேன். ஜெராக்ஸ்ல ஓரம் போனது, பேரு வச்சது, அளவு ஒத்து வராம போனது, எல்லாத்தையும் மூச்சு விடாம கொட்டினேன்.

அவர் கட்டத்தைக் கையில எடுத்தார். திருகாணி பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணுல வச்சுக்கிட்டு, முன்னாடி பின்னாடி திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முண்டா விரலால தொட்டார். எனக்கு வேற கோபம், என்ன இது, என்னை வச்சுக்கிட்டே என்னைப் பரிசோதனை பண்றாரேன்னு.

"இதுல மொத்தம் எத்தனைங்க?"ன்னு கேட்டார்.

"இருபத்தஞ்சு. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"நல்லாத்தான் இருக்கு"ன்னு அதைக் கீழ வச்சுட்டு, பூதக்கண்ணாடியைக் கழட்டினார். "நான் உங்களை நினைச்சு வராம இருக்கலைங்க. அந்த இன்னொண்ணு இருக்கில்ல, தொளதொளன்னு, இழுத்த இழுப்புக்கு வருதுன்னாங்களே, அதைக் கேட்டுத்தான். சின்ன வயசுலேர்ந்து வீட்டுல அதைத்தான் சொல்வாங்க. நீங்க அப்படி நினைச்சு உங்க அண்ணிகிட்டச் சொல்லியிருப்பீங்கன்னு பட்டுச்சு. நியாயமாவும் பட்டுச்சு."

அவர் காதுல என் பேரு விழவே இல்ல. அவர் பேரு மட்டும்தான் விழுந்திருக்கு. நாலு நாளா அந்த மனுஷன் இந்த ப்ளைவுட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்து, அதையே நினைச்சுக்கிட்டு, லென்ஸ் துடைச்சுக்கிட்டு இருந்திருக்கார். நான் சண்டை போடத்தான் வந்தேன். வழியெல்லாம் என்னென்ன கேக்கணும்னு சேர்த்து வச்சிருந்தேன். அதையெல்லாம் அப்படியே விட்டேன்.

"நான் அப்படி நினைக்கல. யார்கிட்டயும் சொல்லல"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். என் சுபாவத்துக்கு அதுவே அதிகம். ஆனா அவர் என்னையே பார்த்துக்கிட்டு நின்னார், முழுசா கேட்டுக்கிட்டு, எப்பவும் கேக்கிற மாதிரி. "எனக்கு நீங்க வேணும். உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. எனக்கு வேணும், அதைக் கேக்கத்தான் வந்தேன்"னு சொல்லிட்டேன். சொன்ன குரல் எனக்கே அடையாளம் தெரியல, அவ்வளவு சின்னதா இருந்துச்சு.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு, மறுபடி போட்டுக்கிட்டார். வெளியில ஒரு பஸ் ஹாரன் அடிச்சுது, அடிச்சுட்டுக் கிளம்பிப் போச்சு. யாரோ கண்ணாடி அறையைப் படபடன்னு தட்டுறாங்க, "ஏம்மா, இது எந்த ஊரு பஸ்ஸு, சொல்ல மாட்டீங்களா?"ன்னு சத்தம் கேக்குது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மூச்சுக்கூட இல்ல.

கடைசியா அவர் வாயைத் திறந்து, கடையை இன்னைக்குச் சீக்கிரம் சாத்திடலாமான்னு பாக்குறேன்னார். எதுக்குன்னு கேட்டேன். "தேதி குறிக்கணுமில்ல. அக்காவைக் கூட்டிட்டு வரணும்"னார். அக்கா நாளைக்கு வரட்டும், நீங்க இப்பவே வாங்கன்னேன். ஷட்டரை ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு இறக்கினோம்.

கட்டத்தைப் பிரிக்க நான் விடல. என்னைப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அண்ணி வேற வழியில்லாம நாத்தனாரைச் சுத்தி கடுகு மஞ்சள்ல ஒரு வரி கூடுதலா ஓட்டி, மாப்பிள்ளையோட அளவுக்குக் கொண்டுவந்து சேர்த்துட்டாங்க. போர்வை இப்போ எங்க கட்டில்ல கிடக்கு. அறுபத்து மூணு கட்டம், மொத்தக் குடும்பமும் மேல படுத்துக் கிடக்கிற மாதிரி கனம். ஒரு ஓரத்துல சுருக்கம் இருக்கு, யாரு பின்னின கட்டம்னு அக்காவும் தங்கச்சியும் இன்னும் போன்ல சண்டை போட்டுக்கிறாங்க.

அண்ணிக்கு அந்த வாரமே அலுவலகத்துலேர்ந்து மெமோ வந்துச்சு. பத்தொன்பது வருஷத்துல முதல் மெமோ. சனிக்கிழமை நாலேகால் மணிப் பேருந்து அறிவிப்பு இல்லாமல் புறப்பட்டதால் பதினொரு பயணிகள் அதைத் தவறவிட்டார்கள், காரணம் கூறவும்னு. என்ன பதில் எழுதினீங்கன்னு கேட்டேன். அது ஆபீஸ் விஷயம், உனக்கு எதுக்குன்னு அடக்கிட்டாங்க. தொண்டை கட்டிக்கிச்சுன்னு எழுதியிருப்பாங்கன்னு நானும் விட்டுட்டேன். கல்யாணம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு, ஊசி தேடப் போய் அவங்க நூல் பைக்குள்ள அந்தப் பதிலோட நகல் என் கையில கிடைச்சுது. அண்ணி கையெழுத்துதான், ஒரே ஒரு தடவைதான் எழுதியிருந்தாங்க:

"என் நாத்தனார் பக்கத்துக் கடையில் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். அந்த நேரத்தில் என் குரல் குறுக்கே வர வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்."